பிடித்தம் நின்ற மாதம்

ஜூன் 28, வெள்ளி

உறுதிப்படுத்தப்பட்ட தகவல்: மகள் மதிவதனியின் கல்விக் கடனுக்கான கடைசித் தவணை இந்த மாதச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டுவிட்டது. அடுத்த மாதம் முதல் என் கைக்கு வரும் சம்பளம் எட்டாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய் கூடும். ஆதாரம்: எங்கள் நாளிதழின் திருநெல்வேலிப் பதிப்பு, கணக்குப் பிரிவு, வைகுண்டம்.

வைகுண்டத்தை ஆதாரமாகக் கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் நமக்கு ஒரு தகவலைச் சொல்லும்போது அது நமக்கு முன்பே பத்துப் பேருக்குப் போயிருக்கும். நான் மாடிப்படி இறங்கி எதிர் டீக்கடையை அடைவதற்குள் விளம்பரப் பிரிவும் அச்சுப் பிரிவும் அங்கே கூடியிருந்தன.

"அண்ணாச்சி, சம்பள ஸ்லிப்பு இனி கண்ணாடி மாதிரிலா இருக்கும்! வடை சொல்லுங்க."

சொன்னேன். கூடுதல் சம்பளம் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கூடுதல் செலவு தொடங்கிவிட்டது.

இதற்கு நானும் ஒரு காரணம். இரண்டு வாரத்துக்கு முன் வந்த தந்தையர் தினச் சிறப்பிதழில் 'தோள்' என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். மகளின் படிப்புக் கடனை ஏழு ஆண்டுகளாகத் தன் சம்பளத்தில் தனியாகச் சுமக்கும் ஒரு தகப்பனைப் பற்றியது. பெயர் போடவில்லை. பெயர் போடாமலே யார் என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுத முப்பது வருட அனுபவம் வேண்டும். அது என்னிடம் இருக்கிறது. வாசகர் கடிதங்கள் பதினான்கு வந்தன. ஒருவர் கண்ணீர் விட்டதாக எழுதியிருந்தார்.

ஜூலை 1, திங்கள்

காலை மதி புனேயிலிருந்து பேசினாள். அங்கே ஒரு தடுப்பூசி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள்.

"போட்டுட்டேன்ப்பா, பாத்துக்கிடுங்க. இதோட கடைசி."

அவள் ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் எனக்கு ஒரு தொகை அனுப்புவாள். வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதத்திலிருந்து அனுப்புகிறாள். தொகை எட்டாயிரத்து இருநூற்று நாற்பது. இது வீட்டுச் செலவுக்கானது. கடனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு தொகையும் ஒன்றாக இருப்பது தற்செயல்.

என் மனைவி ஆவுடை தற்செயல்களை நம்புகிறவள் அல்ல.

"பிடித்தமும் கெடையாது, இனி அவ அனுப்புததும் கெடையாது. அப்ப நமக்கு என்ன கூடுது?"

"ஸ்லிப்புல கூடுது."

"ஸ்லிப்ப வச்சு தோசை சுடலாமா?"

கிருஷ்ணாபுரத்தில் ஒரு குடிநீர்க் குழாய் உடைப்பு இருந்தது. அவசரம் என்று கிளம்பினேன்.

ஜூலை 4, வியாழன்

எங்கள் அலுவலகத்தில் பணியாளர் சிக்கன நாணயச் சங்கம் உண்டு. சொசைட்டி என்போம். யார் அதில் கடன் வாங்கினாலும் உடன் வேலை பார்க்கும் இருவர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். வாங்கியவர் கட்டாமல் போனால் ஜாமீன் போட்டவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஒருவர் ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் ஜாமீன் போடலாம். அதிலும், பிடித்தம் போகப் பாதிச் சம்பளமாவது கைக்கு வருகிறவர்தான் போடலாம்.

இளையவர்கள் ஸ்லிப்பில் பைக்கும் வீடும் செல்போனும் பாதியைத் தாண்டி ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே யாருக்குப் பிடித்தம் நிற்கிறதோ அவர், பந்தியில் மிஞ்சிய ஒற்றை ஜாங்கிரி.

இன்று மட்டும் இரண்டு பேர் என் மேஜைக்கு வந்தார்கள். ஒருவருக்கு மாடி கட்டவேண்டும். மற்றவர் காரணம் சொல்லவில்லை. என் தோளைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். கட்டுரையைப் படித்திருப்பார்.

முப்பது வருடமாக அதிகாரிகளிடம் எந்தப் பதிலை வாங்கிக்கொண்டு எரிச்சலோடு திரும்பினேனோ, அதையே இருவருக்கும் கொடுத்தேன்: பரிசீலிக்கப்படும்.

சொல்லிப் பார்த்தால் நல்ல பதில்தான்.

ஜூலை 9, செவ்வாய்

களக்காடு பக்கம் காற்றில் வாழை சாய்ந்த செய்தி. புகைப்படக்காரர் ஞானதுரையின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். பதினெட்டு வருடமாக எனக்கு வாகனம் அவர்தான். குலை தள்ளிய மரங்கள் வயல் முழுக்க ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. ஞானதுரை வரப்பில் மண்டியிட்டுப் படம் எடுத்தார்.

திரும்பும்போது சொன்னார்: "ஷைனிக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு அண்ணாச்சி. நாரோயில் பக்கம்."

ஷைனி அவருடைய ஒரே மகள்.

"ரொம்பச் சந்தோசம் வே. ஃபீஸு?"

கேட்டிருக்கக் கூடாது. வாய் முந்திவிட்டது. நிருபர் வாய்.

"பாத்துக்கிடலாம்" என்றார். பிறகு வாழைக்கு இழப்பீடு எப்போது வரும் என்று பேசத் தொடங்கிவிட்டார்.

அடுத்ததாக ஜாமீன் கேட்பார் என்று நாங்குநேரி வரை காத்திருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்: வேறு இருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது, இத்யாதி. வண்ணார்பேட்டை வரை வந்தாயிற்று. கேட்கவில்லை. இறங்கும்போது "ஹெல்மெட்டக் குடுங்க அண்ணாச்சி" என்று மட்டும் கேட்டார்.

நிம்மதி. ஆனால் தயாரித்த பதில் வீணாய்ப் போனது ஏனோ பிடிக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

வைகுண்டம் என் நாற்காலியருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செய்தி பெரிது என்று அர்த்தம். சிறிய செய்தியை நின்றுகொண்டே சொல்வார்.

"ஞானதொர சொசைட்டில மனு குடுத்திருக்கான். ரெண்டு லட்சம், அஞ்சு வருசத் தவண. மொத ஜாமீன் அச்சுப் பிரிவு மூக்காண்டி. ரெண்டாவது இடம் காலி. இருவத்தஞ்சாந் தேதி கமிட்டி. காலேஜுல முப்பத்தொண்ணு கடைசி நாளாம். அன்னைக்குக் கட்டலைன்னா சீட்ட அடுத்த புள்ளைக்குக் குடுத்துருவாவளாம்."

"யாரையும் கேக்கலையா?"

"அவன் கேக்க மாட்டான் அண்ணாச்சி. பட்டவன்லா."

எனக்கும் தெரிந்ததுதான். செய்தி டெஸ்கில் இருந்த உதவி ஆசிரியர் ஒருவருக்கு ஞானதுரை ஜாமீன் போட்டார். அவர் ஒரு திங்கட்கிழமை சென்னையில் வேறு பத்திரிகையில் சேர்ந்துவிட்டார். நாங்கள் செவ்வாய்க்கிழமை அறிந்தோம். அன்றிலிருந்து அந்தக் கடன் ஞானதுரை சம்பளத்தில்தான் பிடிக்கப்படுகிறது. அடுத்த மார்ச் வரை போகும். ஜாமீன் கையெழுத்து எவ்வளவு கனம் என்று அறிந்தவர். அதனால்தான் அதை இன்னொருவரிடம் கேட்க அவருக்கு நா எழவில்லை.

தகவல் நம்பகமானது. என் எதிர்வினை: நாளை முதல் பேருந்து நிலையத்துக்குள் இருக்கும் டீக்கடை. ஞானதுரை அங்கே வரமாட்டார். டீ தண்ணீர் போல இருக்கும் என்பார்கள்.

ஜூலை 13, சனி

தண்ணீர் போலத்தான் இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

ஆவுடை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பொதுவாகச் சொன்னேன், ஒரு நண்பருக்கு ஒரு தேவை என்று.

"ஞானதொரைதான?"

"ஆமா."

"போட்டுக் குடுங்க."

"ஏட்டி, அவன் கட்டாமப் போனா நம்ம சம்பளத்துல பிடிப்பாவ. ஊருக்குத்தான் நமக்கு எட்டாயிரம் கூடுது. உனக்குத் தெரியும்லா நெலவரம்."

"அப்ப அதைச் சொல்லி, என்னால முடியாதுன்னு சொல்லிருங்க."

"எதைச் சொல்ல?"

"மகதான் கட்டுனா, எனக்கு ஒண்ணும் கூடலைன்னு."

கீரைக் காம்பு ஒன்றை எடுத்து உருவத் தொடங்கினேன். இலையையும் காம்பையும் ஒரே தட்டில் போட்டுவிட்டேன்.

"கையெழுத்துப் போட காசு போயிருமோன்னு பயம். போட மாட்டேம்னு சொல்ல கட்டுரை போயிருமோன்னு பயம்" என்றாள். "ரெண்டுல எது பெருசுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. தட்ட இங்க குடுங்க."

ஆவுடை ஆறாம் வகுப்பு ஆசிரியை. சுருக்கி எழுதுதல் அவளுக்குக் கைவந்தது.

ஜூலை 15, திங்கள்

ஆட்சியர் அலுவலகத்தில் மனுநாள். நெரிசல். ஞானதுரை படம் எடுத்தார். நான் முழு நேரமும் அவருடைய கேமராவுக்குப் பின்னால் நின்றேன். அவர் பார்க்காத இடம் அது ஒன்றுதான்.

ஜூலை 18, வியாழன்

பாபநாசத்தில் ஒரு தொடக்க விழா. பத்து மணி என்றார்கள். பதினொன்றரைக்கும் யாரும் வரவில்லை. ஒரு மருத மரத்தடியில் நானும் ஞானதுரையும் மட்டும். ஒளிய இடமில்லை.

நானே தொடங்கினேன். அவர் கேட்காமலே மறுத்துவிடுவது என்று தீர்மானம். இப்படி ஒரு காரியத்தை இதுவரை எந்த அதிகாரியும் செய்து நான் பார்த்ததில்லை.

"ஞானதொர, ஒண்ணு சொல்லணும். எனக்கு இந்தக் கடன் முடிஞ்சதுல ஒண்ணும் கூடல. மூணு வருசத்துக்கு மேல மகதான் மாசாமாசம் அனுப்புனா. சம்பளத்துல பிடிச்சாவ, அவ தந்துட்டா. இனி பிடிக்க மாட்டாவ, அவ தர மாட்டா. அவ்வளவுதான்."

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியுமே அண்ணாச்சி."

"என்ன தெரியும்?"

"ஒண்ணாந் தேதி ஆச்சுன்னா ஒங்க ஃபோனு ஒரு சத்தம் போடும். எடுத்துப் பாத்துட்டு 'மக போட்டுட்டா'ம்பிய. அம்பாசமுத்திரத்துல சொன்னிய, ராதாபுரத்துல சொன்னிய, ஒருக்க வெள்ளத்துல நின்னுக்கிட்டுச் சொன்னிய. பைக்குல பின்னால ஒக்காந்து பேசுனா காத்துல போயிரும்னு நெனச்சியளா?"

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் சிரித்தார்.

"அதான் ஒங்கள மட்டும் கேக்கல. மத்தவன்லாம் அண்ணாச்சிக்கு எட்டாயிரம் கூடிருக்குன்னு வாறான். கூடலைன்னு எனக்குத் தெரியும்லா. தெரிஞ்சுக்கிட்டு எப்படிக் கேக்க?"

"கட்டுரையப் படிச்சியா வே?"

"நாந்தான அதுக்குப் படம் எடுத்தேன். ஒங்க முதுகுதான் அது."

மறந்தே போயிருந்தேன். வேட்டிச் சட்டையில் ஒரு முதுகு, தூரத்தில் ஒரு பெண். அந்தப் பெண் ஷைனி. நடிக்கக் கூட்டி வந்திருந்தார்.

விழா பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. என்ன தொடங்கி வைத்தார்கள் என்று செய்தியில் எழுதியிருக்கிறேன். இப்போது நினைவில்லை.

ஜூலை 19, வெள்ளி

ஞானதுரை மனுவில் இரண்டாவது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். காரணம்: வைகுண்டம் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றார், அவர் கை வலிக்கும்.

ஜூலை 26, வெள்ளி

நேற்று கமிட்டி கூடியது. இன்று காலை வைகுண்டம் ஸ்டூலோடு வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு அம்பத்தெட்டு எப்ப முடியுது?"

"இன்னும் முப்பத்தோரு மாசம். ஏன்?"

"கடன் அறுவது மாசம். கடன் முடியும் மட்டும் வேலைல இருக்கறவர்தான் ஜாமீன் போட முடியுமாம். விதி இருக்கு. எனக்கே ஞாபகம் இல்ல பாத்துக்கிடுங்க. ஒங்க கையெழுத்து செல்லாது."

அலுவலகத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஏழு வருடமாக யாரும் என்னிடம் ஜாமீன் கேட்டதில்லை. நான் யாருக்கும் போட்டதில்லை. மாடி கட்டுகிறவருக்கும் செல்லாது. காரணம் சொல்லாதவருக்கும் செல்லாது. ஒரு வாரம் ஒளிந்து திரிந்தேன். தண்ணீர் டீ குடித்தேன். செல்லாத நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, திண்டுக்கல் பூட்டா என்று இழுத்தும் பார்த்திருக்கிறேன்.

இதை ஒரு நகைச்சுவைத் துணுக்காக எழுதி இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் செய்தி இன்னும் இருக்கிறது. ஞானதுரையின் மனுவை ஆகஸ்ட் கடைசிக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். முப்பது மாதத் தவணையாகச் சுருக்கினால் என் கையெழுத்து செல்லும். ஆனால் தவணை பெரிதாகி அவர் ஸ்லிப்பில் நிற்காது. அங்கேதான் ஏற்கெனவே சென்னைக்குப் போனவர் உட்கார்ந்திருக்கிறாரே.

கல்லூரியில் கடைசி நாள் புதன்கிழமை.

மாலை ஞானதுரை ஒரு விபத்துப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "விட்டுத் தள்ளுங்க அண்ணாச்சி. அடுத்த வருசம் பாப்போம்" என்றார். படத்தின் ஓரத்தில் அவர் விரல் விழுந்திருந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் முறை.

ஜூலை 27, சனி

வைகுண்டத்திடம் விதிப் புத்தகம் கேட்டேன். பிறருக்கு ஜாமீன் நிற்கத்தான் எனக்கு வயதாகிவிட்டது. சொந்தப் பெயரில் முப்பது மாதத்துக்குக் கடன் வாங்க வயது இருக்கிறது. ஓய்வுப் பணம் ஈடாக இருப்பதால் ஒரே ஜாமீன் போதும். அவசரக் கடன் என்றால் தலைவர் தனியாகவே அனுமதிக்கலாம். மாதப் பிடித்தம் ஏழாயிரத்து எழுநூற்று ஐம்பது.

அந்த இரண்டு லட்சத்தை என் பெயரில் வாங்கி ஞானதுரையிடம் கொடுக்கலாம் என்று ஆவுடையிடம் சொன்னேன்.

"கடன் தீந்தா மனுசன் நிம்மதியா இருப்பார்னு நெனச்சேன்" என்றாள். "ஒரு மாசம் சும்மா இருக்க முடியல ஒங்களால."

"ஸ்லிப்புல அந்த எடம் வெறிச்சுன்னு இருக்கு. பாக்க நல்லா இல்ல."

"ஆமா, நல்லாவா இருக்கும்" என்றாள். பிறகு, "கட்டாமப் போனா என் சம்பளம் இருக்கு. போய்ச் சொல்லுங்க, நாளைக்கு அவிய கோயில் விட்டு வாற நேரத்துக்கு."

ஜூலை 28, ஞாயிறு

பாளையங்கோட்டையில் ஞானதுரை வீடு. ஷைனிதான் கதவைத் திறந்தாள். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் ஒரு புது ஷூ டப்பா. வெள்ளை ஷூ, வகுப்புக்கு. என் கண் அங்கே போனதைப் பார்த்து அவளே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

ஞானதுரை ஒரேயடியாக மறுத்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. நான் கட்டாமப் போனா?"

"கட்டாமப் போனா அடுத்த தந்தையர் தினத்துக்கு இன்னொரு கட்டுரை எழுதிக்கிடுதேன்."

"வெளையாடாதிய. பட்டிருக்கேன். ஒங்களப் பட வைக்கணுமா?"

"நீ கட்டலைன்னா பைக்கப் பிடுங்கிருவேன். எனக்கு ஓட்டத் தெரியாது, அது வேற விசயம்."

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். பிறகு ஞானதுரை சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து என் முன் வைத்தார். ஆகஸ்ட் மாதத்தில் பேனாவால் வட்டங்கள்.

"ஆடி கழியட்டும். ஆவணில நாலு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன், லீவு நாளாப் பாத்து. ஆல்பத்தோட. அது ஸ்லிப்புல வராது, ஆனா கைல வரும். மாசாமாசம் தந்துருவேன். ஒரு மாசம் பிந்துனாலும் நீங்க எம்மேல சத்தம் போடணும். சும்மா இருந்தியன்னா நான் வாங்க மாட்டேன்."

சத்தம் போடுவதாக ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 29, திங்கள்

உறுதிப்படுத்தப்பட்ட தகவல்: கடன் அனுமதிக்கப்பட்டது. ஆதாரம்: என் கையில் இருந்த காசோலை.

ஜாமீன் போட்டது வைகுண்டம்; வேறொருவருக்கு அவர் நின்றிருந்த ஜாமீன் இந்த மாதப் பிடித்தத்தோடுதான் முடிந்தது. நான் கேட்கவில்லை. படிவத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். கை குலுக்கினார்.

"அண்ணாச்சி, நீங்க ஒருத்தர்தான். சம்பளத்துல ரெண்டு புள்ளையளப் படிக்க வைக்கியளே!"

அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். மாடி கட்டுகிறவரும் இருந்தார். எல்லோர் முகத்திலும் 'தோள்' கட்டுரையின் கடைசிப் பத்தி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு கட்டுரைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

"ஒண்ணையும் இல்ல வே" என்றேன். "மொத புள்ள கடன மூணு வருசமா அவளே கட்டுனா. இந்தப் புள்ளைக்கு அதோட அப்பன் கட்டப்போறான். நான் நடுவுல கெடக்க பைப்பு. இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போகும்."

வைகுண்டம் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்ப அந்தக் கட்டுரை?"

"பைப்பு எழுதுனது."

அவரிடம் சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் பதிப்பு முழுக்கப் போய்விடும். தனியாகத் திருத்தம் வெளியிடத் தேவையில்லை.

ஜூலை 31, புதன்

சம்பள ஸ்லிப் வந்தது. பிடித்தம் என்ற வரிசையில் வைப்பு நிதியும் தொழில் வரியும் மட்டும். கீழே கைக்கு வரும் தொகை, ஏழு வருடத்தில் நான் பார்த்திராத அளவு. இந்த மாதம் ஒன்றுதான் இப்படி. அடுத்த மாதத்திலிருந்து சொசைட்டிப் பிடித்தம் உண்டு. ஆகவே இதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, போகும் வழியில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஷைனியின் கட்டணம் காலை பதினொன்று இருபதுக்குக் கட்டப்பட்டது. ஆதாரம்: ஞானதுரை அனுப்பிய ரசீதுப் படம். இந்த முறை விரல் விழவில்லை.

முதல் தவணையை வீட்டுக்கு வந்து ஆவுடையிடம் கொடுத்துவிடச் சொன்னேன். மாட்டேன் என்றார்.

"டீக்கடையில வச்சுத் தாரேன் அண்ணாச்சி. எல்லாரும் இருக்கையில. எம் புள்ளைக்கு நாந்தான் கட்டுதேன்னு நாலு பேரு பாக்கணும்லா."

யோசித்துப் பார்த்தேன். எதிர் டீக்கடை, காலை ஏழு மணி, விளம்பரப் பிரிவு, அச்சுப் பிரிவு, வைகுண்டம். அவர் எண்ணிக் கொடுக்க, நான் எண்ணி வாங்கவேண்டும்.

"சரி வே. சில்லறையா தராத" என்றேன்.

நிலுவையில் உள்ளவை: ஷைனிக்கு வகுப்பு தொடக்கம், ஆகஸ்ட் 12. முதல் கல்யாணம், ஆவணி பிறந்த மறுநாள், சேரன்மகாதேவியில். மழை பெய்யாவிட்டால் ஆற்றங்கரையில் படம். முதல் தவணை, செப்டம்பர் 1, ஞாயிறு காலை, எல்லோர் முன்னிலையிலும். அன்றைக்கு வடை அவர் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அது மட்டும் உறுதிப்படுத்தப்படவில்லை.